அந்த இரைச்சலுக்கு ஒரு காரணம் உண்டு



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்து, பிள்ளைகள் கல்லூரிச் சேர்க்கைக்காக அலைந்துகொண்டிருக்கும் காலம் இது. நம் குடும்பங்கள் பலவற்றில் கல்விக் கட்டணத்துக்கு அடுத்த பெரிய செலவாக நிற்பது மடிக்கணினி. தகப்பன் மாதத் தவணைக்குக் கையொப்பமிடுகிறார். தாய் நகையை அடகுக் கடைக்கு எடுத்துச் செல்கிறார். இத்தனை பாடுபட்டுக் கடைக்குப் போன பின்பு நாம் கேட்கும் கேள்விகளோ மூன்றுதான்: எவ்வளவு மெலிது? எவ்வளவு எடை? எவ்வளவு விலை? நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அதை ஏறக்குறைய எவரும் கேட்பதில்லை. உள்ளே பிறக்கும் வெப்பம் எந்த வழியாக வெளியேறும்?

இந்த வாரம் அந்தக் கேள்வியைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெல்லிய உடலையும் மிகுந்த வலிமையையும் ஒரே கருவியில் கேட்கும்போது, அதற்குரிய விலையை நாம் வெப்பமாகவும் இரைச்சலாகவும் செலுத்துகிறோம். நம் மதுராந்தகத்துக் கோடையில் அந்த விலை இன்னும் கூடுதல். ஆகவே கனமான வேலை செய்யவேண்டிய பிள்ளைக்கு, சற்றுத் தடித்த கருவியை வெட்கமின்றி வாங்கிக் கொடுங்கள்.

காரணத்தைச் சற்றே விளக்குகிறேன். கணினியின் பிராசஸர் உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் முடிவில் வெப்பமாகவே மாறுகிறது. மெல்லிய மடிக்கணினிகளில் பயன்பட்ட இன்டெல் கோர் ஐ7-1260பி என்னும் பிராசஸரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை மின்திறன் 28 வாட்; முழு வேகத்தில் பாயும்போது அது 64 வாட் வரை போகலாம். விளையாட்டுகளுக்கும் வீடியோ தொகுப்புக்கும் உரிய கோர் ஐ7-12700எச் பிராசஸருக்கு இவை முறையே 45 வாட், 115 வாட். வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடைகளில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஈயத்தையே உருக்கவல்ல அந்த வெப்பத்தைவிடப் பெருவெப்பம், விரல் நுனிகள் இரண்டின் அளவுள்ள சில்லிலிருந்து எழுகிறது. அதை வெளியேற்றாவிடில் சில நொடிகளில் சில்லு 100 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். பல பிராசஸர்களுக்கு அதுவே தாண்டக்கூடாத எல்லை.

வெப்பத்தை வெளியேற்றுவதற்குச் சில்லின்மேல் தட்டையான செம்புக் குழாய் ஒன்று அமர்ந்திருக்கும். அதனுள் மிகச் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டிருக்கும். சூடான முனையில் நீர் ஆவியாகும். மறுமுனைக்கு ஓடி அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் நீராகும். குழாயின் உட்சுவரிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே திரும்பிவரும். மறுமுனையில் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய உலோகத் தகடுகள் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். மின்விசிறி அவற்றின் ஊடாகக் காற்றைத் தள்ளி, வெப்பத்தை வெளியே கொண்டுபோகும்.

நம் ஊர் ஏரியை அறிந்தவர்களுக்கு இது புதிதான செய்தியன்று. மதுராந்தகம் ஏரியின் முழு ஆழம் 23.3 அடி. மழைக்காலத்தில் அந்த அளவைத் தாண்டி வரும் நீர் கலங்கல் வழியாகக் கிளியாற்றில் இறங்குகிறது. ஏரி எவ்வளவு பெரிதாயினும் கலங்கல் போதாவிட்டால் கரைக்கு ஆபத்து. மடிக்கணினிக்குள் இருக்கும் குழாயும் தகடும் விசிறியும்தான் அதன் கலங்கல். கருவியை மெலிதாக்கும்போது முதலில் சுருங்குவது இந்த வழிதான். வரத்து பெருகுகிறது, போக்கு சிறுக்கிறது. அந்த நெருக்கத்தின் ஓசையே உங்கள் காதில் விழும் இரைச்சல்.

மெல்லிய உடலுக்குள் அகலமான, தடித்த விசிறிக்கு இடமில்லை. சிறிய விசிறி அதே அளவு காற்றைத் தள்ளவேண்டுமானால் மிக வேகமாகச் சுழலவேண்டும். விசிறியின் வேகத்தை இரட்டித்தால் காற்றும் ஏறத்தாழ இரட்டிக்கும். ஓசையோ சுமார் 15 டெசிபல் கூடிவிடும். 10 டெசிபல் கூடினாலே நம் செவிக்கு ஓசை இருமடங்காகத் தோன்றும். பெரிய விசிறி மெதுவாகச் சுழன்று ஓசையின்றிச் செய்யும் வேலையைச் சிறிய விசிறி கூச்சலிட்டுச் செய்வதன் இரகசியம் இதுவே. ஆகவே இரைச்சலைக் கேட்டவுடன் கருவி பழுதாகிவிட்டது என்று பதறாதீர்கள். அது தன் பாரத்தை இறக்கிவைக்கப் பாடுபடுகிறது, அவ்வளவுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். குளிரூட்டிய அறையில் 25 டிகிரிக் காற்று விசிறிக்குக் கிடைக்கிறது. கத்திரி வெயில் நாட்களில் தகரக் கூரையின் கீழ், ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டின் கீழ் அமர்ந்து படிக்கும் பிள்ளையின் கருவிக்குக் கிடைப்பது 40 டிகிரிக் காற்று. சில்லு 95 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் அறையில் சில்லுக்கும் காற்றுக்கும் இடையே 70 டிகிரி வேறுபாடு. இரண்டாவது அறையில் 55 டிகிரிதான். வெளியேறும் வெப்பம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. எனவே அதே கருவி, அதே விசிறி, அதே வேகம் இருந்தும், ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலை நம் கோடை எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஆப்பிள் நிறுவனம் தன் மேக்புக் கருவிகளுக்கு விதித்துள்ள இயக்க வெப்பநிலையே 10 முதல் 35 டிகிரி வரைதான். மே மாதப் பிற்பகலில் நம் வீடுகளில் எத்தனை அந்த எல்லைக்குள் நிற்கின்றன? விளம்பரத்தில் காணும் வேகம் நம் தட்பவெப்பத்தில் அளக்கப்பட்டதாக எண்ணிக்கொள்ளாதீர்கள்.

"அப்படியானால் ஓசையே இல்லாத கருவியை வாங்கிவிடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் எம்1 என்னும் ஒரே சில்லைப் பொருத்தி இரண்டு மடிக்கணினிகளை வெளியிட்டது. மேக்புக் ஏர் கருவிக்கு விசிறி இல்லை. 13 அங்குல மேக்புக் புரோவுக்கு உண்டு. சிறு வேலைகளில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே ஓடின. நெடுநேரம் கனத்த வேலை கொடுத்தபோதோ விசிறியற்றது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. அந்தச் சில்லு குறைந்த மின்சாரத்தில் இயங்குவதால் அந்தக் குறைவு பலருக்குத் தெரியவே இல்லை. அத்தகைய சிக்கனமான சில்லு மெய்யாகவே ஒரு நன்மை. அதை நான் மறுக்கவில்லை. எனினும் மௌனமாயிருப்பதெல்லாம் குளிர்ந்திருக்கிறது என்று பொருளல்ல. சில கருவிகள் வேகத்தைக் கைவிட்டே மௌனத்தைப் பெறுகின்றன.

வலிமையும் மெலிவும் மோதிய ஒரு வேளையை உலகமே 2018 ஜூலையில் கண்டது. கோர் ஐ9 பிராசஸர் பொருத்திய 15 அங்குல மேக்புக் புரோ வெளிவந்த சில நாட்களிலேயே, கனத்த வேலையின்போது அது தன் அடிப்படை வேகமான 2.9 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கிவிடுவதைச் சோதித்தவர்கள் காட்டினர். வெப்பத்தை நிர்வகிக்கும் மென்பொருளில் ஒரு பகுதி விடுபட்டதே காரணம் என்று கூறி, நிறுவனம் அதே மாதத்தில் திருத்தம் வெளியிட்டது. பின்பு நிகழ்ந்ததையும் கவனியுங்கள். 1.55 சென்டிமீட்டராக இருந்த அந்த வரிசையின் தடிமன், 2019-இல் வந்த 16 அங்குலக் கருவியில் 1.62 ஆயிற்று, 2021-இல் 1.68 ஆயிற்று. மின்கலத்துக்கும் இணைப்புத் துளைகளுக்கும்கூட இடம் தேவைப்பட்டது உண்மையே. ஆனாலும் மெலிவையே பெருமையாகப் பேசிவந்த நிறுவனம், வேலை செய்வோருக்கான கருவியில் தடிமனைக் கூட்டத் தயங்கவில்லை. செய்தவர்களே வெட்கப்படாததற்கு, வாங்குகிற நாம் ஏன் வெட்கப்படவேண்டும்?

நம் இல்லங்களுக்கு மடிக்கணினி முதன்முதலில் எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகவே பல வீடுகளுக்குள் அது முதன்முறை நுழைந்தது. அரசு நிறுவனமான எல்காட் வாயிலாகக் கொள்முதல் செய்யப்பட்ட அக்கருவிகள் தடித்தவை. எளிய திறன் கொண்டவை. அவற்றை எவரும் அழகென்று புகழவில்லை. எழுதவும் படிக்கவும் அவை போதுமானவையாயிருந்தன. அவற்றின் உடலுக்குள் காற்று உலவ இடமிருந்தது. இன்று பிள்ளைகளின் தேவை வளர்ந்திருக்கிறது. கட்டட வரைபடம், முப்பரிமாண வடிவமைப்பு, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி என்று பாடங்களே கனத்துவிட்டன. பாடம் கனக்கையில் கருவியை மட்டும் மெலியச் சொல்வது நியாயமா?

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தினந்தோறும் ரயிலில் தாம்பரம் வரை நின்றுகொண்டே பயணிக்கும் நம் மகளுக்கு, தோளில் தொங்கும் ஒவ்வொரு நூறு கிராமும் கணக்குத்தான். வணிகவியலோ மொழியியலோ ஆசிரியப் பயிற்சியோ பயிலும் பிள்ளைக்கு 15 வாட் பிராசஸர் கொண்ட மெல்லிய கருவியே தாராளம். அதில் விசிறி எப்போதாவதுதான் வாய்திறக்கும். மெலிவு ஒரு குற்றமன்று. மெலிந்த உடலின்மேல் கனத்த பாரத்தை ஏற்றி, இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பதே வீண்.

பணம் மட்டுமன்றி உடலும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2010-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் இருவர் ஒரு குழந்தை மருத்துவ இதழில் எழுதினார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மாதக்கணக்கில் நாள்தோறும் சில மணி நேரம் மடிக்கணினியைத் தொடைமேல் வைத்து விளையாடியதால், அவன் இடத்தொடையின் தோல் நிறம் மாறிப்போயிற்று. கொப்புளம் எழும்பும் அளவுக்குச் சூடில்லாதபடியால் அந்தக் கேடு மெதுவாக, அறியாமலே வளர்ந்தது. பெயரில் மடி இருந்தாலும், கனத்த வேலை செய்யும்போது அதன் இடம் மேசைதான். ஓயாத வெப்பம் மின்கலத்தின் ஆயுளையும் குறைக்கிறது. சிலவேளை மின்கலம் உப்பிவிடுகிறது. அடிப்பலகை புடைத்திருந்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ உடனே பயன்பாட்டை நிறுத்திப் பழுதுநீக்குவோரிடம் கொண்டுசெல்லுங்கள்.

நம் சபைக்கும் இதில் ஒரு காரியம் உண்டு. ஞாயிறு ஆராதனையை நேரலையாக அனுப்பும் வேலை, மடிக்கணினிக்குக் கொடுக்கக்கூடிய கனத்த வேலைகளுள் ஒன்று. இரண்டு மணி நேரம் இடைவிடாது வீடியோவைச் சுருக்கி அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். சிறிது நேரம் பாய்ந்து ஓடிப் பின்பு தளரும் கருவி அதற்கு உதவாது. விசிறி முழு வேகத்தில் சுழல்கையில், அருகிலுள்ள ஒலிவாங்கி அந்த இரைச்சலையும் ஜெபத்தோடு சேர்த்து வீட்டிலிருக்கும் முதியோரின் காதுகளுக்கு அனுப்பிவிடுகிறது. காணிக்கைப் பணத்தில் கருவி வாங்கும் சபைகள், தோற்றத்தைப் பார்த்தல்ல, நெடுநேரம் நிலைத்து உழைக்கும் தன்மையைப் பார்த்தே தெரிந்தெடுக்கவேண்டும். உண்மையுள்ள உக்கிராணத்துவம் என்பது இத்தகைய சிறு காரியங்களில்தான் வெளிப்படுகிறது.

ஆகவே கடைக்குச் செல்லும்போது இவற்றைக் கேளுங்கள். இந்தப் பிராசஸருக்கு எத்தனை வாட்? இந்த உடலில் அது அரை மணி நேரம் இடைவிடாது ஓடினால் வேகம் எவ்வளவு நிலைக்கும்? சூடான காற்று எந்தப் பக்கம் வெளியேறுகிறது? அடிப்பலகையைத் திறந்து தூசி துடைக்க முடியுமா? விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால், அதே மாதிரியை நெடுநேரம் ஓட்டிச் சோதித்தவர்களின் மதிப்புரையைப் படிக்கும்வரை காத்திருங்கள். அவசரத்தில் போட்ட கையொப்பத்துக்கு மாதந்தோறும் தவணை கட்டவேண்டியவர் நீங்கள்.

ஏற்கெனவே மெல்லிய கருவியை வாங்கியிருப்பவர்கள் மனம் தளரவேண்டாம். மெத்தையின்மீதும் தலையணையின்மீதும் அதை வைக்காதீர்கள். துணி காற்றுத் துளைகளை அடைத்துவிடும். பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி, கடினமான பலகையின்மேல் வையுங்கள். ஆண்டுக்கொருமுறை தூசி நீக்குங்கள். கனத்த வேலையை அதிகாலைக்கு மாற்றுங்கள். அப்போது காற்றே உங்களுக்குத் துணைசெய்யும். ஓசை குறைக்கும் நிலை உங்கள் கருவியில் இருந்தால் இரவில் பயன்படுத்துங்கள். வேகம் சற்றுக் குறையும், வீட்டார் உறங்குவார்கள்.

பிரியமானவர்களே, நம் பிள்ளைகள் தங்கள் தோழரின் கையிலுள்ள மெல்லிய கருவியைக் கண்டு ஏங்குவது இயல்பே. அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் அமர்ந்து, அவர்கள் படிக்கப்போகும் பாடம் எது, அதற்கு என்ன தேவை, நம் வீட்டின் வெயில் எப்படிப்பட்டது என்று சேர்ந்து கணக்குப் பாருங்கள். நான்கு ஆண்டுகள் உழைக்கவேண்டிய கருவிக்கு மூச்சுவிட இடம் இருக்கட்டும். உங்கள் மாதச் செலவுக்கும் அப்படியே.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.