ஜீப்பை உயர்த்துமுன் ஷாக் அப்சார்பரை அளந்து பாருங்கள்

கொல்லிமலை, சிறுமலை, தாண்டிக்குடி போன்ற மலைப் பகுதிகளில் மிளகும் காப்பியும் வாழைத்தாரும் தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு வந்து சேரப் பழைய ஜீப்புகள் பெரிதும் கைகொடுக்கின்றன. பாதையில் துருத்தி நிற்கும் கற்கள் அடிப்பாகத்தில் தட்டாமலிருக்க, இந்த ஜீப்புகளை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திக் கொள்வோர் உண்டு. ஸ்பிரிங் கட்டில் கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கிறார்கள். நீளமான ஷேக்கிள் மாட்டுகிறார்கள். (ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினாலும் வண்டி ஏறுவது ஏறத்தாழ ஓர் அங்குலம்தான் என்பது பலருக்கும் தெரிவதில்லை.) இவ்வளவு செலவு செய்பவர்கள் ஷாக் அப்சார்பரை மட்டும் பழையபடியே விட்டுவிடுகிறார்கள். அல்லது கடைக்காரர் எடுத்துத் தருவதை அப்படியே வாங்கி மாட்டுகிறார்கள். இது சிக்கனமல்ல, பெரும் இழப்புக்கு வழி.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் செய்யும் வேலை வேறு வேறு. சுமையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதன் உருளைக்குள் இருக்கும் எண்ணெய், பிஸ்டனிலுள்ள சிறு துளைகள் வழியே நெருக்கிப் பிடித்துச் செல்லும்போது துள்ளலின் வேகம் வெப்பமாக மாறி அடங்குகிறது. ஆகவே, "கெட்டியான ஷாக் போட்டால் அதிகப் பாரம் ஏற்றலாம்" என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது.

வண்டியை உயர்த்தியதும் ஆக்ஸிலுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி கூடிவிடுகிறது. பழைய ஷாக்கின் நீளமோ கூடுவதில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் முழுவதும் நீண்டு, கட்டிய கயிறு போல ஆக்ஸிலைப் பிடித்து இழுக்கிறது. ரப்பர் புஷ் கிழிகிறது, தாங்கும் கொக்கி விரிசல் விடுகிறது. அதைவிட மோசமானது, சக்கரம் தரையை விட்டு எழும்புவது. தரையில் படாத சக்கரம் பிரேக்குக்கும் அடங்காது, திருப்பத்துக்கும் அடங்காது. பின்னால் மூட்டைகளின் மேல் ஆட்களும் அமர்ந்து வரும் மலைப் பாதையில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இதற்குப் பயந்து, இருப்பதிலேயே நீளமானதை வாங்குவதும் தவறு. பாரம் ஏறி ஸ்பிரிங் அமுங்கும்போது பிஸ்டன் அடியில் மோதித் தண்டு வளையும்.

அளவெடுப்பது கடினமல்ல. வழக்கமான பாரத்துடன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஷாக்கின் மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடுவரை அளக்க வேண்டும். ஆக்ஸிலுக்கும் மேலேயுள்ள ரப்பர் முட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு பாரத்தை இறக்கி, சட்டத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கி கொடுத்து, பழைய ஷாக்கைக் கழற்றிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு மறுபடியும் கண்ணுக்குக் கண் அளக்க வேண்டும். உதாரணமாக, நின்ற நிலையில் 17 அங்குலம், தொங்கும் நிலையில் 20, முட்டு இடைவெளி 3 என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் முழுதும் மேலேறினால் மிஞ்சுவது 14. ரப்பரும் சற்று அமுங்குமாதலால், விரிந்தால் 21 அங்குலமும் சுருங்கினால் 13 அங்குலமும் உள்ள ஷாக் இந்த வண்டிக்குப் பொருந்தும். இந்த இரு அளவுகளையும் சொல்லத் தெரியாத கடையில் ஷாக் வாங்க வேண்டிய அவசியமில்லை.

வகையைப் பொறுத்தவரை, விலை கூடியதுதான் நல்லது என்பதில்லை. ஒற்றைக் குழாய் ஷாக் வெப்பத்தை விரைவில் வெளியேற்றும். வேகமாக நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு ஏற்றது. ஆனால் கல் பட்டு அதன் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாய் ஷாக்கில் வெளிக்குழாயில் சிறு நசுங்கல் ஏற்பட்டாலும் வேலை நடக்கும். தோட்டப் பாதையில் மெதுவாக ஊர்ந்து வரும் ஜீப்புக்கு, எண்ணெய் நுரைக்காமலிருக்க நைட்ரஜன் வாயு அடைத்த இரட்டைக் குழாய் ஷாக்கே போதும்.

விளைபொருளுக்கு ஏற்படும் சேதம் தனிக் கணக்கு. குலுங்கும் வண்டியில் மேலடுக்குப் பெட்டிகளே அதிகம் அடிபடுகின்றன. பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருப்பவை இன்னும் அதிகமாக. காலையில் பளபளவென்று ஏற்றிய தக்காளி, மண்டியில் இறக்கும்போது கன்றிப்போய் இரண்டாம் தரமாகிறது. பட்டை சேர்த்துக் கெட்டியாக்கிய ஸ்பிரிங், குறைந்த பாரம் ஏற்றும் நாளில் இன்னும் அதிகமாக உதைக்கும். கூடுதல் பட்டைக்குக் கொடுத்த பணத்தைத் தக்காளியின் விலையிலும் இழக்க நேரிடுகிறது.

உண்மையில், வண்டியை உயர்த்தாமலிருப்பதே மேல். உயர்ந்த வண்டி திருப்பத்தில் எளிதில் சாயும். பிரேக் குழாய் இழுபடும். மேலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தபின் இன்ஷூரன்ஸ் தொகைக்கு அலைவது சிறு விவசாயியால் ஆகாத காரியம். பழைய ஜீப்புகள் பலவற்றில் பட்டைகள் தட்டையாகிப் போனதால்தான் அடி தட்டுகிறது. பட்டறையில் கொடுத்து வளைவை மீட்டாலே இழந்த உயரம் திரும்பிவிடும். பாதையில் துருத்தும் கற்களை நாலு பேர் சேர்ந்து கடப்பாரையால் புரட்டிப் போடுவதற்கு ஒரு நாள் போதுமே!

புதிய ஷாக் வாங்கினால் ஓர் ஆக்ஸிலுக்கு இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரட்டைக் குழாய் ஷாக்கை மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை இழுத்து அமுக்கி, உள்ளே உள்ள காற்றை நீக்க வேண்டும். சக்கரங்கள் தரையில் பதிந்த பிறகே புஷ் போல்ட்டுகளை இறுதியாக முறுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் முறுக்கிக் கொண்டு சீக்கிரம் கிழியும்.

காரின் மூலையைக் கையால் அமுக்கி ஷாக்கைச் சோதிப்பது போல் ஜீப்பில் செய்ய முடியாது. பட்டைகள் அவ்வளவு கெட்டி. கரடுமுரடான பாதையில் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும், புகைக்குழாயில் கை படாமல், நான்கு ஷாக்குகளையும் தொட்டுப் பார்க்கலாம். மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது வேலை செய்யவில்லை என்று கொள்ளலாம்.