வெயிட் மோடு வைத்து விளையாடினால் கேவலமா?

1/
இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், பென்னலூர் பக்கம் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே போனில் ஃபைனல் ஃபேன்டஸி விளையாடும் தம்பி தங்கைகளுக்கு இந்தப் பதிவு. "கேம்ல டாக்டருக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். இருக்கு, படிங்க.

2/
முதலில் கொஞ்சம் வரலாறு. 1986-ல் வந்த டிராகன் குவெஸ்ட், 1987-ல் வந்த முதல் ஃபைனல் ஃபேன்டஸி, இரண்டிலும் சண்டை முறை வைத்து நடக்கும். நீங்கள் கட்டளை கொடுக்கும் வரை எதிரி சும்மா நிற்பான். டீ குடித்துவிட்டு வந்தும் அடிக்கலாம்.

3/
1991-ல் ஃபைனல் ஃபேன்டஸி 4-ல் இதை மாற்றியவர் ஹிரோயுகி இட்டோ. ஃபார்முலா 1 பந்தயத்தில் கார்கள் வெவ்வேறு வேகத்தில் ஒன்றையொன்று முந்துவதைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்ததாம். நம்ம இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் ஓரம் நின்று பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடாது.

4/
அதன் பெயர் ஆக்டிவ் டைம் பேட்டில், சுருக்கமாக ஏடிபி. ஒவ்வொரு வீரனுக்கும் தனி வேகம். நிஞ்ஜா எட்ஜுக்குச் சீக்கிரம் முறை வரும். பெரிய மந்திரம் என்றால் சொல்லி முடிக்கவே நேரம் பிடிக்கும். நீங்கள் யோசிக்கும்போதும் கடிகாரம் ஓடும், எதிரி அடிப்பான்.

5/
ஆனால் அடுத்தடுத்த பாகங்களில் செட்டிங்ஸில் ஒரு வசதி வைத்தார்கள். 1997-ல் வந்த 7-ம் பாகத்தில் ஆக்டிவ், ரெக்கமெண்டட், வெயிட் என்று மூன்று உண்டு. வெயிட் வைத்தால், மந்திரப் பட்டியலையோ பொருள் பட்டியலையோ திறந்து தேடும் நேரத்தில் சண்டை நிற்கும்.

6/
இங்கேதான் பஞ்சாயத்து. "வெயிட் மோடு வெச்சு ஜெயிக்கிறவன்லாம் ஒரு பிளேயரா?" என்று கிண்டல். என் கருத்து: அது கேமை உருவாக்கியவர்களே வைத்த பொத்தான். அவர்கள் சோதித்தது உங்கள் முடிவை, விரல் வேகத்தை மட்டுமில்லை. 2001-ல் வந்த 10-ம் பாகத்தில் உங்கள் முறை வந்தால் நேரம் முழுதாக நிற்கும். அதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று யாராவது சொன்னார்களா?

7/
ஒரு டாக்டராக எனக்கு இதில் கவலை என்ன? நிறுத்தக் கேட்பவன் சோப்ளாங்கி என்ற எண்ணம் போனோடு நிற்பதில்லை. அதே பையன் லைனில் தலை சுற்றினாலும் சொல்ல மாட்டான். இரண்டு நாள் தூங்காமல் ஓவர்டைம் கேட்டு வாங்குவான். கன்வேயர் எல்லோருக்கும் ஒரே வேகத்தில்தான் ஓடும். உடம்பு அப்படி இல்லை.

8/
ஓய்வு யாரும் தூக்கிக் கொடுத்த பிச்சை இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 55-வது பிரிவே, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி ஓய்வு வேண்டும் என்றது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். வெயிட் பொத்தானுக்காக நிஜ உலகில் இப்படித்தான் போராட வேண்டியிருக்கிறது.

9/
4-ம் பாகம் முடிக்காதவர்கள் இந்த ஒன்றை மட்டும் தாண்டிப் போங்க.
டெல்லா என்ற முதியவர். அவரிடம் அதிகபட்சம் இருப்பது 90 எம்பி. மீட்டியோ மந்திரத்துக்குத் தேவை 99. மகளைப் பறிகொடுத்த கோபத்தில் சொல்லியே தீருகிறார். அந்த 9 எம்பிக்கு உயிரைக் கொடுக்கிறார். எதிரி தப்பிவிடுகிறான்.
இருப்பதைவிட அதிகமாகச் செலவழித்தால் மிச்சக் கணக்கை உடம்புதான் கட்டும்.

10/
கேம் சொல்லும் இரண்டு பொய்களையும் தெரிந்துகொள்ளுங்க.
• ஹேஸ்ட் மந்திரம் இலவச வேகம் தரும். நிஜத்தில் நமக்கு ஹேஸ்ட் என்றால் காபியும் எனர்ஜி டிரிங்கும்தான். குடித்த காஃபினில் பாதி, சுமார் 5 மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். விடியற்காலை 4 மணிக்குக் குடித்தால் காலை 9 மணிக்குத் தூக்கம் எப்படி வரும்?
• சத்திரத்தில் ஒரு ராத்திரி படுத்தால் எல்லாம் நிரம்பிவிடும். நிஜத்தில் ஆறு நாள் தூக்கக் கடன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தீராது.

11/
ஆகவே:
• வெயிட் மோடு போடுங்க. ஸ்டாப் வந்ததும் சேவ் செய்து இறங்குங்க.
• நைட் ஷிஃப்டின் பின்பாதியில் காபி வேண்டாம்.
• ரூமுக்கு வந்ததும் ஜன்னலைக் கெட்டித் துணியால் மூடி, போனைத் தள்ளி வைத்துத் தூங்குங்க. பாஸ் ஃபைட் சாயங்காலமும் அங்கேயேதான் இருக்கும்.
• கண் சொருகும்போது பைக் எடுக்காதீங்க. அங்கே சேவ் பாயின்ட் கிடையாது.

12/
கிண்டல் செய்யும் நண்பனிடம் ஒன்றே ஒன்று கேளுங்க: "மெனுவைத் திறந்து யோசிக்காம அடிச்சு எத்தனை பாஸை ஜெயிச்சிருக்க?"
பதில் வருவதற்குள் நீங்கள் சரியான மந்திரத்தைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள்.


பொதுநல மருத்துவர், பென்னலூர்