யார் கைக்கு வேலை? இந்தோனேசியா சொல்லும் பாடம்



“புது விதை வருது, மிசின் வருது, ஊருக்குப் பள்ளிக்கூடம் வருது. இனி உங்க பிள்ளைகளுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை!” இப்படிச் சொல்லாத அரசாங்கம் உண்டா? சொன்னபடி நடந்ததா? நம்மைப் போலவே நெல்லை நம்பி வாழும் இந்தோனேசியாவைப் பாருங்கள்.

அங்கே ஜாவா தீவில் அறுவடை என்றால் ஊரே திரளும். ‘அனி அனி’ என்று உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கத்தி. அதை வைத்துப் பெண்கள் கதிர் கதிராக அறுப்பார்கள். அறுத்ததில் ஒரு பங்கு நெல்தான் கூலி. குழி நிலம் இல்லாத வீட்டிலும் உலை கொதித்தது.

1960-களின் கடைசியில் ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரகங்கள் வந்தன. நம் வயலுக்கும் வந்த அதே ஐ.ஆர்.8 தான். பின்னாலேயே அரிவாள் வந்தது. வியாபாரி நிற்கிற பயிருக்கே விலை பேசி முடித்து, தன் ஆட்களை மட்டும் அறுக்க இறக்கினான். 1970-களின் தொடக்கத்தில் அரவை மில்கள் பெருகின. நெல் குத்திப் பிழைத்த பெண்களின் கூலி போனது. 1984-ல் அரிசியில் தன்னிறைவு அடைந்தோம் என்று அரசு மார்தட்டியது. வேலை இழந்த பெண்களைப் பற்றி அந்த விழாவில் யார் பேசினார்கள்?

மிசினே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உலக்கை பிடித்த தோளின் வலி நமக்கும் தெரியும். வேலை போனவங்களுக்கு மாற்று என்ன என்பதுதான் கேள்வி.

சரி, படிப்பு என்ன செய்தது? எண்ணெய் விற்ற பணத்தில் 1973 முதல் 1978 வரை 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டினார்கள். அதனால் கூடுதலாகப் படித்த பிள்ளைகள் வளர்ந்த பிறகு கூடுதல் சம்பளம் பெற்றார்கள் என்று எஸ்தர் டூஃப்லோ என்ற பொருளாதார அறிஞர் 2001-ல் ஆய்ந்து காட்டினார். ஆக, படிப்பு வீணில்லை.

ஆனால் 2024 கணக்கைப் பாருங்கள். தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளி முடித்தவர்களில் வேலையில்லாதோர் சுமார் 9 சதவீதம். தொடக்கப் பள்ளியோடு நின்றவர்களில் 3 சதவீதத்துக்கும் கீழே. படிக்காதவனுக்கு நல்ல வேலை கிடைக்குதுன்னு இதுக்கு அர்த்தமில்லை. அவனால் சும்மா இருக்க முடியாது; கிடைத்த கூலிக்குப் போகிறான். படித்தவனுக்கோ படிப்புக்கேத்த வேலை இல்லை.

திரும்பி வந்து உழலாம் என்றால் நிலம் எங்கே? அரை ஹெக்டேர், அதாவது ஒன்றேகால் ஏக்கருக்கும் குறைவாக வைத்திருக்கும் குடும்பங்கள் 2013-ல் 1.42 கோடி. 2023-ல் சுமார் 1.69 கோடி!

அதே நாட்டில் இன்னொரு பள்ளிக்கூடமும் நடந்தது. அரசே மானியம் கொடுத்துப் பூச்சிமருந்தைத் தெளிக்க வைத்தது. மருந்து சிலந்தியைக் கொன்றது. புகையான் முட்டையோ இலையுறைக்குள் தப்பிப் பிழைத்தது. வயல் வயலாகக் கருகிய பிறகுதான் புத்தி வந்தது. 1986-ல் ஜனாதிபதி சுகார்த்தோ, நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தார். தடைக்குப் பின்னும் நெல் உற்பத்தி ஏறத்தான் செய்தது.

1989-ல் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. சுமார் 25 விவசாயிகள், வாரம் ஒரு நாள், ஒரு போகம் முழுக்க. வயல்தான் வகுப்பறை, பயிர்தான் பாடப்புத்தகம். எது நல்ல பூச்சி, எது கெட்ட பூச்சி என்று தாங்களே எண்ணிப் பார்த்து முடிவெடுத்தார்கள். பத்து வருஷத்தில் சுமார் 10 லட்சம் பேர் கற்றார்கள். அவர்களில் பலர் அடுத்த ஊருக்கு வாத்தியாராகப் போனார்கள்!

தோழர்களே, வித்தியாசம் புரிகிறதா? நம்மைக் கேட்காமல் மேலிருந்து வந்த மாற்றம் ஏழையின் வேலையைப் பறித்தது. வயலில் கூடிக் கற்ற படிப்பு, விவசாயியையே வாத்தியார் ஆக்கியது.

எனவே, புது மிசின் வந்தால் கேளுங்கள்: “இது யார் வேலையை எடுக்கும்? அவங்களுக்கு மாற்று என்ன?” புதுப் பள்ளி வந்தால் கேளுங்கள்: “படிச்சு முடிச்ச பிள்ளைக்கு இந்த ஊரிலே என்ன வேலை இருக்கு?”

தனியாகக் கேட்டால் காதில் விழாது. கூடிக் கேட்போம்! பதில் வரும்வரை கேட்போம்!