கூத்தாடி என்றொரு வசைச்சொல்

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில், நம் சமுதாயத்து இளைஞர் ஒருவர் இளங்கலைப் படிப்பை முடித்துவிட்டுப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயில விரும்புவதாக வீட்டில் சொன்னார். மறுநாள் இஷாத் தொழுகைக்குப் பின், பள்ளிவாசல் வாயிலில் அவருடைய தந்தையை நிறுத்திப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "என்ன பாய், உங்க பையன் கூத்தாடியாப் போறானாமே?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தையற்கடை வைத்துப் பிள்ளையைக் கல்லூரி வரை கொண்டுவந்த அம்மனிதர் மறுமொழி ஏதும் கூறாமல் வீடு திரும்பினார். அந்தச் சிரிப்பைப் பற்றியே நாம் இங்கு எழுத விரும்புகிறோம்.

'கூத்தாடி' என்னும் வசையை நாம் குர்ஆனிலிருந்தும் பெறவில்லை, ஹதீஸிலிருந்தும் பெறவில்லை. ஊரிலிருந்து பெற்றோம். திருத்தணி வட்டாரத்துக் கிராமங்களில் கோடைக்காலத்தில் விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். இரவெல்லாம் ஒலிபெருக்கியையும் மிஞ்சும் குரலில் பாடி ஆடியவனுக்கு, விடிந்தபின் இழிவையும் சேர்த்துக் கூலியாகக் கொடுத்தது சாதிப் புத்தி. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மிம்பரில் முழங்கும் நாம், அந்தப் புத்தியின் சொல்லை மட்டும் கூச்சமின்றிக் கடன் வாங்கிக்கொண்டோம்.

மார்க்கத்தின் பெயரால் எழுப்பப்படும் தடைகள் வேறு. அவற்றை நாம் இலேசாகக் கருதவில்லை. நபிமார்களை வேடமிட்டுக் காட்டுவது கூடாது என்பது உலமாப் பெருமக்களில் மிகப் பெரும்பாலோரின் முடிவு. ஆண் பெண்ணைப் போலவும் பெண் ஆணைப் போலவும் வேடம் புனைவதற்கு ஹதீஸில் கடுமையான எச்சரிக்கை உண்டு. நடிப்பே பொய்யின் ஒரு வகை எனக் கருதி, முற்றாக விலக்குவோரும் உள்ளனர். எனினும் அறிஞர்களில் வேறு சிலர் காட்டும் சான்றுகளையும் ஒருமுறையேனும் செவிமடுக்க வேண்டாமா? தூய வெண்ணிற ஆடையும் கரிய தலைமுடியுமாக, பயணக் களைப்பின் சுவடே இல்லாத ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களின் முன் அமர்ந்து, ஈமான் என்ன, இஹ்ஸான் என்ன என்று கேள்வி கேட்டார். வந்தவர் ஜிப்ரீல் (அலை) என்பதும், தோழர்களுக்கு மார்க்கத்தைக் கற்பிக்கவே வந்தார் என்பதும் அவர் சென்ற பிறகே தெரிந்தது. விடை அறிந்த ஒருவர் அறியாதவர்போல் வினவிக் கற்பித்த நிகழ்வு இது. தாவூத் (அலை) அவர்களிடம் சுவரேறி வந்து, தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் ஓர் ஆட்டையும் பற்றி வழக்குரைத்த இருவரும் வானவர்கள் என்றே விரிவுரையாளர் பலர் எழுதியுள்ளனர். பொய்யுரைப்பதும், பொருள் விளங்கப் பாத்திரமேற்பதும் ஒன்றல்ல என்பதற்கு இவை போதாவா?

நாமே அதை ஒன்றென்று நம்பவில்லை. நம்பினால், மக்தப் மதரஸாவின் ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் சீதனம் கேட்கும் மாமியாராகவும் குடித்துத் தள்ளாடும் கணவனாகவும் வந்து நிற்பதை எப்படி அனுமதிக்கிறோம்? முன்வரிசையில் அமர்ந்து கைதட்டுகிறோம், எவர்சில்வர் டிபன் டப்பாவைப் பரிசாகவும் கொடுக்கிறோம். பயான் செய்யும் ஹஜ்ரத் பிர்அவ்னின் பேச்சுக்கு ஒரு குரலும் அபூஜஹ்லுக்கு வேறு குரலும் எடுக்கையில் மெய்ம்மறந்து கேட்கிறோம். (எல்லா ஹஜ்ரத்துகளுக்கும் அது வாய்ப்பதில்லை, வாய்த்தவருக்கே கூட்டம் சேர்கிறது.) பயிற்சியின்றிச் செய்தால் கூடும், முறையாகக் கற்றுச் செய்தால் கூடாது என்பது எந்த மத்ஹபின் சட்டம்?

முன்னோர் இப்படி இருந்ததில்லை. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து என இலக்கிய வகைகளையே தமிழுக்குக் கொடுத்த அவர்கள், 'அலிபாதுஷா நாடகம்', 'அப்பாசு நாடகம்' என நாடக நூல்களையும் விட்டுச் சென்றார்கள். 1959இல் தில்லியில் தொடங்கப்பட்ட தேசிய நாடகப் பள்ளியை 1962 முதல் 1977 வரை நடத்தி, அதற்கு இன்றுள்ள பெயரைப் பெற்றுத் தந்தவர் இப்ராஹீம் அல்காஸி. சத்தீஸ்கரின் கிராமியக் கலைஞர்களைத் தம் குழுவின் நடுநாயகமாக வைத்து உலக மேடைகளுக்கு அழைத்துச் சென்றவர் ஹபீப் தன்வீர். கீழக்கரையில் பிறந்து, சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்த இன்குலாப் 'ஔவை' நாடகத்தை எழுதினார். இவர்களுடைய கொள்கைகள் யாவற்றோடும் நமக்கு உடன்பாடு இருக்க வேண்டியதில்லை; நமக்கு இல்லவும் இல்லை. ஆனால் நம் பெயர்களைத் தாங்கியவர்களுக்கு இத்துறை அந்நியமானது என்னும் வாதம் வரலாற்றின் முன் நிற்காது.

இனி, நம்மை உறுத்த வேண்டிய ஒரு செய்தி. 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்துக்கு எதிராக நம் அமைப்புகள் ஒன்றுதிரண்டன. மாவட்டந்தோறும் தடையுத்தரவு வந்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் சில இடங்கள் திருத்தப்பட்டு, பிப்ரவரி 7 அன்று தமிழகத்தில் படம் வெளியானது. நம்மைத் தவறாகச் சித்திரிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்று கோரியது நியாயமே. அதற்கு முன்பும் பின்பும் தாடியும் தொப்பியுமாய் வெடிகுண்டு வைப்பவர்களைத் திரையில் கண்டுகொண்டேதான் இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் மனு எழுதுகிறோம், முழக்கமிடுகிறோம். தையற்கடை பாயின் நாளொன்று எப்படிக் கழிகிறது என்று ஒரு காட்சி எழுதத் தெரிந்த பிள்ளையை மட்டும் உருவாக்க மறுக்கிறோம்.

முஸ்தபா அக்காத் என்னும் சிரியர் அமெரிக்காவுக்குச் சென்று பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்றவர். 1976இல் அவர் வெளியிட்ட 'தி மெஸேஜ்' படத்தில் நபி (ஸல்) அவர்களின் உருவம் தோன்றாது, குரலும் கேட்காது. ஆயினும் பார்ப்பவர் நெஞ்சில் அவர்களுடைய முன்னிலை நிறைகிறது. அப்படத்துக்கும் எதிர்ப்பாளர்கள் இருந்தார்கள். ஆனால் வரம்பு எது என்பதை அறிந்து, அதற்குள் நின்று சொல்ல முடிந்தது தொழில் கற்றதனால்தான்.

நாடகத் துறை என்றாலே முகத்தில் அரிதாரம் பூசுவது என்று எண்ணுவோர், அங்கே நாடக எழுத்து, இயக்கம், ஒளியமைப்பு, அரங்க வடிவமைப்பு, குழந்தைகளுக்கான அரங்கு, அரங்க வரலாறு ஆகியனவும் கற்பிக்கப்படுவதை அறிவது நலம். புதுவையின் நாடகப் பள்ளிக்கு முதல் தலைவராக இருந்த இந்திரா பார்த்தசாரதி ஓர் எழுத்தாளர், பேராசிரியர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகத்துறை உண்டு. இலங்கையிலோ 'நாடகமும் அரங்கியலும்' பள்ளிப் பொதுத்தேர்வுப் பாடமாகவே இருக்கிறது.

இடர்கள் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஒத்திகைகள் தொழுகை நேரத்தோடு மோதும். ஆண், பெண் கலந்த உடற்பயிற்சிகள் உண்டு. கையேற்க முடியாத பாத்திரங்கள் வரும். "இதை என்னால் செய்ய இயலாது, ஒளியமைப்பை ஏற்கிறேன்" என்று ஆசிரியரிடம் சொல்லும் திடம் வேண்டும். படித்தபின் பள்ளிகளில் நாடக ஆசிரியர் பணியிடங்கள் காத்திருக்கவும் இல்லை. இவற்றை அந்த இளைஞரிடம் அமர்ந்து பேசியவர் நம்மில் எவர்? பொறியியல் கல்லூரி விடுதியில் தொழுகையைத் தொலைத்த பிள்ளைகளுக்காக எந்தப் பள்ளிவாசல் வாயிலிலும் எந்தத் தந்தையும் நிறுத்தப்படவில்லை.

அவரிடம் இருப்பதையும் சொல்லிவிடுகிறோம். வீட்டில் உருது, தெருவில் தமிழ், சந்தையில் தெலுங்கு. 1960இல் ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்கு வந்த எல்லைப் பகுதி அது. மூன்று மொழியின் ஏச்சும் கொஞ்சலும் அவர் காதில் இருக்கின்றன. நாடகம் எழுதுபவனுக்கு இதைவிட வேறென்ன முதல் வேண்டும்?

நம் ஜமாஅத்துகள் வழங்கும் கல்வி உதவித்தொகைப் படிவம் ஒன்று இதை எழுதும்போது நம்முன் இருக்கிறது. மருத்துவம், பொறியியல், சட்டம், கணினி, ஆலிம் படிப்பு என ஐந்து கட்டங்கள். ஆறாவதாக 'கலை, நாடகம், ஊடகம்' என ஒரு கட்டம் சேர்க்கக் கோரி நிர்வாகிகளுக்குக் கடிதம் அனுப்பியுள்ளோம். கே.ஜி.கண்டிகை இளைஞரின் விண்ணப்பத்தையும் அத்துடன் இணைத்திருக்கிறோம். அடுத்த கூட்டம் ஜும்ஆவுக்குப் பின் நடைபெறும். அவருடைய தந்தையும் வருவார், இன்ஷா அல்லாஹ்.