பேஸ் வாசித்தவர் யார்?

விமர்சனம் எழுதும் நாம், சினிமாப் பாட்டு வந்த மறுநாளே ஐந்துக்கு மூன்றரை போட்டுவிடுகிறோம். சென்னை இசைக்குழுக்களின் ஆல்பங்களுக்கு அந்த மூன்றரைகூடக் கிடைப்பதில்லை. தி எஃப்16ஸின் 'டிரிகர்புங்க்டே' (2016), ஸ்க்ராட்டின் 'பைசன்' (2017) பற்றித் தமிழில் உருப்படியாக ஒரு பக்கம் படித்த ஞாபகம் எனக்கில்லை. ஆங்கிலத்தில் பாடுகிறவர்கள், போகட்டும். தமிழில் பாடிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்? 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய அந்தக் குழுவின் அரசியலைப் பக்கம் பக்கமாக எழுதினோம்; எழுத வேண்டியதுதான். ஆனால் அதே ஆண்டு வெளிவந்த 'மகிழ்ச்சி' ஆல்பத்தில் கானாக் குரலுக்கும் பறைக்கும் நடுவே எலெக்ட்ரிக் கிதார் எப்படி இடம்பிடித்தது என்று எத்தனை பேர் எழுதினோம்? ஒரு காரணம் எனக்குத் தெரியும். தாம்பரத்தில் கடற்கரை வண்டி ஏறி, இருநூறு ரூபாய் இயர்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். குரோம்பேட்டை வருவதற்குள் சக்கர இரைச்சல் பேஸ் கிதாரை முழுசாக விழுங்கிவிடும். தாழ்ந்த ஒலியைத்தான் அது முதலில் அமுக்கும். மிஞ்சுவது குரலும் வரிகளும். கிதாரோடு தன் பாட்டைத் தானே எழுதிப் பாடும் கபேர் வாசுகி இதில் தப்பித்துவிடுவார். பேஸும் டிரம்ஸும் பேசிக்கொள்வதே உயிரான ஃபங்க் இசை பாவம், பல்லாவரம் தாண்டாது. நல்ல ஸ்பீக்கரில் ஒரு தடவையாவது கேட்காமல் மதிப்பெண் போடுவது அநியாயம். பாடலாசிரியர் பெயரை மறக்காமல் போடுகிற நாம், பேஸ் வாசித்தவர் பெயரையும் சேர்த்துப் போட்டால் காகிதம் ஒன்றும் தீர்ந்துவிடாது.