பாரியும் நம்ம இனிஷியலும்

சென்னை பாரிமுனை என்றதும், "முல்லைக்குத் தேர் தந்த வள்ளல் பாரியா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, சகோதரிகளே! 1788-ல் சென்னைக்கு வந்த வேல்ஸ் நாட்டு வியாபாரி தாமஸ் பாரியின் குடும்பப் பெயர் அது. வேல்ஸ் மொழியில் 'ஆப் ஹாரி' என்றால் ஹாரியின் மகன். அதுவே சுருங்கி 'பாரி' ஆயிற்று. ஆக, நம்ம இனிஷியல் மாதிரி அதுவும் அப்பா பெயர்தான்! அங்கே பரம்பரைக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டுப் பெண்கூட 'ஹாரியின் மகன்'தான், வேடிக்கையைப் பாருங்கள்!

எங்கள் வல்லம் பக்கத்திலோ கல்யாணமானதும் பெண்ணின் இனிஷியலை மாற்றிவிடுகிறோம். அப்புறம் பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. ஆபீஸ் ஆபீஸாக அலைச்சல். மாற்றியே ஆகணும் என்று சட்டம் கிடையாது. பெண்ணைப் பெற்ற அம்மாக்களே, சான்றிதழில் உள்ள இனிஷியலே எல்லாவற்றிலும் இருக்கட்டுமே!