ஒளியைத் தீர்மானிக்கும் அண்டைப் பொருள்

மாலிப்டினம் டைசல்பைடு, இயந்திரங்களில் உராய்வைக் குறைக்க நெடுங்காலமாகப் பயன்படும் கரிய பொருள். அதை ஒற்றைப் படலமாகப் பிரித்து லேசரைப் பாய்ச்சினால் பளிச்சென்று சிவப்பொளி உமிழ்கிறது என்பது 2010-இல் தெரியவந்தது. இரு படலங்கள் அடுக்கப்பட்டாலோ ஒளி வெகுவாக மங்கிவிடுகிறது.

அண்டைப் பொருளும் அந்த ஒளியைத் தீர்மானிக்கிறது. கிராஃபீனைத் தொட்டிருந்தால், ஒளியாக வேண்டிய ஆற்றல் அதற்குள் சென்றுவிடுகிறது. சிலிக்கன் டைஆக்சைடின் மீது வைத்தால், அதன் மேடுபள்ளங்களும் மின்னேற்றங்களும் ஒளியின் நிறத்தைக் கலங்கச் செய்கின்றன. போரான் நைட்ரைடு படிகங்களுக்கிடையே பொதிந்தால் நிறம் துல்லியமாகிறது.

ஆனால், அந்தத் தூய படிகம் எளிதில் கிடைப்பதன்று. ஜப்பானின் சுகுபா நகரில் தகாஷி தனிகுச்சி, கென்ஜி வதனபே ஆகியோர் உயர் அழுத்தத்தில் வளர்த்த படிகங்களையே உலகின் ஏராளமான ஆய்வுக்கூடங்கள் நீண்டகாலம் நம்பியிருந்தன.

தனித்தனி ஒளித்துகள்களை வெளியிடும் குவாண்டம் கருவிகளுக்காக இத்தகைய படலங்கள் ஆராயப்படுகின்றன. ரூ.6,003 கோடி மதிப்பிலான தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. குவாண்டம் பொருள்களுக்கான மையம் தில்லி ஐஐடியில் அமைந்துள்ளது. லேசரையும் குளிர்விப்பானையும் விலைக்கு வாங்கிவிடலாம். படிகம் வளர்க்கும் திறன் பல்லாண்டு உழைப்பில் மட்டுமே கைகூடும். கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்து அத்திறனை அளக்க முடியாது. படிகம் வளர்ப்போருக்கு நிலையான பணியும் தொடர் நிதியும் உறுதி செய்யப்படாவிட்டால், இத்துறையில் தற்சார்பு வெறும் முழக்கமாகவே நின்றுவிடும்.